உரப்பை: பத்து நிமிடம்

ஹட்டனில் பெயின்ட் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை வகுப்பு, பாடத்தின் பெயர் ஆக்கத்திறன்.
உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதில்
போன வருஷத்துக் கலண்டர் மட்டை.
காற்று வந்தால் ஏப்ரல் மாதம் படபடக்கும்.

சுதர்ஷினி மிஸ் ஓர் உரப்பையை
மேசைமேல் விரித்தார்.
வெற்றுப் பை. மடிப்புக் கலையாத புதுசு.
எங்களுக்குச் சிரிப்பு வந்தது.
புது உரப்பையை எங்களில் யார் பார்த்தோம்?

"பத்து நிமிடம். இதை வைத்து என்னென்ன செய்யலாம்?
மனதைத் திறந்துவிடுங்கள்.
பிழையான விடை என்று ஒன்றுமே இல்லை."

திறந்துவிட்டேன்.
மழைக்குக் கொங்காணி.
கொழுந்தெடுக்கையில் இடுப்பில் கட்டும் படங்கு.
கால் துடைக்க. விறகு கட்ட. நாய் படுக்க.
தகரம் ஓட்டையான இடத்தில் கூரை,
பறக்காமலிருக்க மேலே இரண்டு கல்.
பந்து கானுக்குள் விழாமல்
விக்கெட்டுக்குப் பின்னால் ஒரு தடுப்பு.
கொழும்புக்கு வேலைக்குப் போகிறவனின் பயணப்பை.
பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிக்கு நடுவே,
ஒரே காம்பராவில், சுவர்.
உரமே வராத அந்த வருஷத்திலும்
பைகள் மட்டும் எங்களிடம் இருந்தன.
முப்பத்தொன்றில் நேரம் முடிந்தது.
விரல் வலித்தது. அந்த வலியில்
எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகுதான் விதியைச் சொன்னார்:
எண்ணிக்கைக்குப் புள்ளி கிடையாது.
வகுப்பில் வேறொருவரும் எழுதாததற்கே ஒன்று.
இரண்டாவதாய் ஒரு கை எழுந்தால் பூச்சியம்.

கொங்காணி?
இருபத்தெட்டுப் பேரில் இருபத்தேழு கைகள்.
படங்கு? இருபத்தேழு.
கூரை? இருபத்தாறு.
(ஜெசிந்தா வீட்டுக்குப் போன மாதம்தான்
புதுத் தகரம் வந்தது.)
சுவர் என்றபோது
கைகள் உடனே எழவில்லை.
ஒன்று, மூன்று, பிறகு ஒன்பது.
மிஸ் எண்ணுவதை நிறுத்திவிட்டு
சோக்கைக் கீழே வைத்தார்.

கடைசி வாங்கில் கிஷோபன்.
அப்பாவுக்கு டவுனில் உரக்கடை.
அவன் தாளில் இருந்தது ஒரே ஒரு வரி:
"உரம் போட்டு வைக்கலாம்."

மாடி அதிரச் சிரித்தோம்.
சிரித்து முடித்து அவரவர் தாளைப் பார்த்தோம்.
ஒருவரும் அதை எழுதியிருக்கவில்லை.
விதி விதிதானே. அவனுக்கு ஒரு புள்ளி,
வகுப்பின் ஒரே புள்ளி.
வாங்கிக்கொள்ளத் தெரியாமல்
அவன் காது சிவந்து உட்கார்ந்திருந்தான்.

"எங்களுக்கு அரைப்பேராவது போடுங்க மிஸ்,"
என்று பின்னாலிருந்து ஒரு குரல்.
மிஸ்ஸுக்கு விளங்கவில்லை.
சொன்ன கிலோ எடுக்காத நாளுக்குப் பாதிச் சம்பளம்,
அதுதான் மிஸ் அரைப்பேர் என்றோம்.
அவர் அந்தச் சொல்லைத் தன் கொப்பியில்
மெல்ல எழுதிக்கொண்டார்.

பொகவந்தலாவ பஸ்ஸில் ஜன்னல் சீட்.
முப்பத்திரண்டாவது ஒன்று
அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அம்மாவின் இடுப்புயரம் நான் நின்ற வயது.
படங்கில் நீல எழுத்துகள்.
அவசரத்தில் கட்டியதால் எல்லாம் தலைகீழ்.
ஏ என்ற எழுத்துக்குக் கூர் கீழேதான் என்று
முதலாம் வகுப்புவரை நம்பினேன்.
பள்ளிக்கூடம் போகுமுன்னே
வலமிருந்து இடமாக
நான் கூட்டி வாசித்த முதல் சொல் யூரியா.

இதை எழுதியிருக்கலாம்.
எழுத்துப் பழக. இரண்டே சொல்.
நிச்சயமாய் ஒரு புள்ளி.
இதை வேறு யார் எழுதியிருப்பார்?

நோர்வூட் தாண்டும்போது யோகமலரிடம் சொன்னேன்.
அவள் வேறு தோட்டம், வேறு பாடசாலை.
கடலைச் சுருளில் மிச்சமிருந்த உப்பை
விரலால் தொட்டு நக்கியபடி
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கம்மாவும்
தலைகீழாத்தான் கட்டுவாங்களா?"