கம்பனிச் சத்தம்

கட்டிலுக்கு அடியில் ஏழு வருடம் படுத்திருந்தது
கம்பனி சைலன்சர்,
பழைய பெட்சீட் சுற்றி, இரண்டு முனையிலும்
ஷொப்பிங் பேக் கட்டி.
கூட்டும்போதெல்லாம் தும்புத்தடி தட்டும்.
"இந்தப் பிணத்தை எப்ப எடுப்பீங்க?" என்பாள் சுலக்சனா.
வண்டி விற்கும்போது என்று சொல்லியிருந்தேன்.
வண்டி விற்கிறேன்.

பஞ்சிகாவத்தையில்,
பம்பர்கள் தோரணமாய்த் தொங்கும் ஒழுங்கையில்
நளீர் பாஸ் எண்பத்தாறை ஜாக்கியில் தூக்கினார்.
"சொல்றன் கேளுங்க.
கம்பனி பைப்போட ஈந்தா அம்பது பேர் வந்து பாப்பாங்க,
டயரை உதைப்பாங்க, போயிருவாங்க.
இந்தச் சத்தத்தோட ஈந்தா ஒருத்தன்தான் வருவான்.
அவன் சல்லியோட வருவான்.
ஆனா அந்த ஒருத்தன் எப்ப வருவாண்டு
அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

புது வண்டி ஹார்பரில் இறங்கிவிட்டது.
நாள் வாடகை ஏறுகிறது.
எனக்கு வெள்ளிக்கிழமைக்குள் காசு வேண்டும்.
"கழட்டுங்க பாஸ்."

நான்கு போல்ட். மூன்று வந்தது.
நான்காவதுக்கு நெருப்புக் காட்டி, எண்ணெய் விட்டு,
அதன் தாயைப் பற்றி அவர் சிங்களத்தில் ஏதோ சொன்ன பிறகு
அதுவும் வந்தது, இரண்டு துண்டாக.
டைட்டேனியம்.
நுனி நீலமும் ஊதாவுமாய் வெந்திருந்தது.
ஒன்றேமுக்கால் லட்சம், என் முதல் போனஸ் முழுவதும்.

எதற்கு என்று அப்பா அன்றைக்குக் கேட்கவில்லை.
பல்கனியில் நின்று கேட்டுவிட்டு
உள்ளே போய் யன்னலைச் சாத்தினார்.
நூறாம் நம்பர் பஸ்ஸில் நான் சின்னவனாய்
"அப்பா, கடல்!" என்று கத்தினால்
என் மணிக்கட்டை மெல்ல அழுத்துகிறவர்.
பிறகு இறங்கும்வரை
இரண்டு பேரும் எந்த மொழியிலும் பேசமாட்டோம்.

மரீன் டிரைவால் வீட்டுக்கு வந்தேன்.
ஏழு வருடத்தில் முதல்முறை
என் வண்டிக்குள் என்னவெல்லாம் இருந்ததென்று கேட்டது:
இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு நடுக்கம்,
டாஷ்போர்டுக்குள் உருளும் நாணயமோ திருகாணியோ,
மூன்றாம் கியரில் ஒரு முனகல்.
இத்தனை நோயையும் மறைத்துக்கொண்டுதான்
இவ்வளவு காலம் கத்தியிருக்கிறது.
பாணந்துறை ரயில் பக்கத்தால் போனது, அதுவும் கேட்டது.
பம்பலப்பிட்டியில்
மறித்து மறித்தே என் லைசன்ஸ் நம்பரைப் பாடமாக்கிவிட்ட பொலிஸ்காரர்
என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.
கொஞ்சம் அவமானமாய் இருந்தது.

வியாழன் பின்னேரம் மொரட்டுவையிலிருந்து யசித வந்தான்.
இருபத்தைந்து இருக்கும். டயரை உதைக்கவில்லை.
நிலத்தில் மல்லாந்து படுத்து ஃபோன் வெளிச்சம் அடித்தான்.
மூன்று போல்ட் கறள். ஒன்று பளபளவென்று புதுசு.
எழும்பி முதுகைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.
"அய்யே, மற்றது எங்கே?"
"எந்த மற்றது?" என்றேன், என் மிக நல்ல சிங்களத்தில்.
"எண்பதாயிரம் கூடத் தாறேன்."
விற்றுப்போயிற்று என்றேன்.
என் புது வண்டிக்கு அது பொருந்தாது.
பிளேஞ்ச் வேறு, துவாரம் வேறு.
எனக்கும் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும்.
அவன் எடுத்துக்கொண்டு போனபோது
ஒழுங்கை முனைவரை காதைக் கொடுத்து நின்றேன்.
காகம் ஒன்றுதான் கேட்டது.

கட்டிலுக்கு அடியில் இப்போது டைட்டேனியம்.
அதே பெட்சீட்.
சுலக்சனா தும்புத்தடியோடு குனிந்து பார்த்தாள்,
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்,
வேறு அறையைக் கூட்டப் போனாள்.

ராத்திரி ஆரணி அதை இழுத்தெடுத்து
ஒரு முனையில் வாயை வைத்து
"அப்பா!" என்றாள்.
மறுமுனையால் அது மூன்றாம் மாடி முழுக்கப் போனது.
கீழ்வீட்டில் டி சில்வா நோனா
யன்னல் கொளுக்கியைத் தூக்கும் சத்தம்.
பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
"இன்னொருக்கா" என்றேன்.

வாயைச் சுற்றிக் கரிவட்டம்.
சவர்க்காரம் போட்டும் போகவில்லை.