இருபது நிமிடம்

கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலீற்றர் இரத்தம்.
குலுக்கக்கூடாது, சரிக்கக்கூடாது,
இருபது நிமிடம் நிற்கட்டும் என்று
தாதி செவ்வந்தி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.
மல்லாவி ஆசுப்பத்திரி. இரவு ஒன்பது பத்து.
உறைந்தால் பயமில்லை.
உறையாவிட்டால் புடையன்.

வவுனிக்குளத்து வாய்க்காலில்
பலகை திறக்கப் போன தவரூபன் அண்ணா
ரோச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தானாம்.
"தவளையை மிதிச்சுப் போட்டன் எண்டுதான் நினைச்சன்."
கணுக்கால் எது, பாதம் எது என்று
இப்போது பிரிக்க முடியவில்லை.

என் மடியில் உயிரியல் கொப்பி.
லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏறும்போது
கையில் இருந்தது அதுதான்.
அடையாள அட்டையைக்கூட எடுக்கவில்லை.
சோதனை மூன்றாம் தடவை.
வாசித்தேன். வேறென்ன செய்ய.

கலம். கரு. நிறமூர்த்தம்.
பரம்பரையலகு.
ஆட்சியானது, பின்னிடைவானது.
விகாரம்: அவலட்சணம் அல்ல,
பிரதியெடுக்கும்போது விழும் எழுத்துப்பிழை.
எழில்வதனி என்ற என்னை
முகாமில் பதிந்தவர் ஒரு குற்றை விட்டுவிட்டார்.
பதினைந்து வருடமாக
கடதாசிகளில் நான் எழிலவதனி.

டொக்டர் றிஸ்னா படிவத்தோடு வந்தார்.
ஒவ்வாமை? இல்லை.
பரம்பரை நோய், தாய் வழி? நீரிழிவு.
தந்தை வழி?
பேனை அந்தக் கோட்டில் நின்றது.
அப்பாவைக் கடைசியாகக் கண்ட இடத்தில்
அவருக்கு என்ன நோயென்று யாரும் கேட்கவில்லை.
"தெரியாது" என்று எழுதிக்கொண்டார்.

அண்ணாவின் காதுமடல் கன்னத்தோடு ஒட்டியது.
அம்மாவுக்குத் தொங்கும் மடல், எனக்கும்.
ஒட்டிய மடல் பின்னிடைவானது,
இரண்டு பக்கத்தாலும் வந்தால்தான் தெரியும்
என்கிறது கொப்பி.
அப்படியானால் அப்பா பக்கத்தாலும் வந்திருக்கிறது.
அந்தக் கோட்டில் எழுத
எங்களிடம் இருப்பது அவ்வளவுதான்.
பாடத்தின் பெயர் பிறப்புரிமையியல்.
பெயர் வைத்தவர்
காணிக் கந்தோர் வரிசையில் நின்றவரோ தெரியாது.
இரண்டு ஏக்கர் வயலும் ஒரு காதும்
ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன.

ஒன்பது முப்பது.
செவ்வந்தி குழாயைச் சரித்தாள்.
பிளேன்ரீ மாதிரி ஓடியது.

பத்துக் குப்பி.
வெள்ளைத் தூளில் நீர் விட்டு
நுரைக்காமல் உருட்டி உருட்டிக் கரைத்தார்கள்.
எங்கோ இந்தியாவில் ஒரு குதிரைக்கு
இத்தினி இத்தினியாய் நஞ்சு ஏற்றி,
அது தாங்கித் தாங்கிப் பழகியதை
அதன் குருதியிலிருந்து வடித்தது.
கொப்பியில் ஒரே வரி:
பிறபொருளெதிரி. உயிர்ப்பற்ற நிர்ப்பீடனம்.
மற்றவர் பட்டதை இரவல் வாங்குதல் என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
புள்ளி கிடைக்காது.

பாதிப் போத்தல் இறங்கியபோது
கட்டில் கிறீச்சிட அவன் நடுங்கினான்.
நெஞ்செல்லாம் தடிப்பு. உதடு பருத்தது.
குதிரையை உடம்பு பிடித்துவிட்டது:
நீ எங்கட ஆள் இல்லை.
றிஸ்னா ஓடிவந்து சேலைனைப் பூட்டினார்,
தொடையில் அதிரினலீன்.
பிறகு மெல்ல, மிக மெல்லத் திறந்தார்,
குதிரை மறுபடி உள்ளே போனது.

ஞாபகக் கலம்: முன்பு வந்ததை
வருடக்கணக்காய் மறக்காத வெண்குழியம்.
இரண்டு மணிக்குக் கரண்ட் போய்
ஜெனரேற்றர் உறுமியது.
வாட்டில் பாதிப்பேர்
கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள்.
சின்னப் பிள்ளைகள் அசையவில்லை.

நாலரைக்கு இன்னொரு குழாய்.
இன்னொரு இருபது.
செவ்வந்தி சரித்தாள்,
பிறகு தலைகீழாகப் பிடித்தாள்.
விழவில்லை.

அண்ணா கண்ணைத் திறக்காமலே கேட்டான்,
"அந்தக் குதிரைக்கு ஒரு பேர் இருக்கும் என்ன?"
"எத்தினை குதிரையோ, ஆர் கண்டது" என்றாள் அவள்.
கொஞ்சநேரம் யோசித்தான்.
"பலகையைத் திறந்தபடி விட்டிட்டு வந்திட்டன்.
விடிய முன்னம் போய் அடை.
தண்ணி முழுக்க
மற்றவன்ர வயலுக்குப் போயிருக்கும்."