தெர்மோஸ்டாட்

முள்ளூர் ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டது.
டேங்கில் தண்ணீர் இருக்கிறது. ஃபேன் சுற்றுகிறது.
போன மாசம்தான் ரேடியேட்டர் மாற்றினோம்,
எட்டாயிரம்.

பெள்ளி மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தான்.
"உள்ளே கொதிக்குது, இது ஜில்லுன்னு இருக்கு."

சூடு தணிந்ததும் கழற்றிய பித்தளைத் துண்டை
டீக்கடைப் பாத்திரத்தில் போட்டான்.
கடைக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.
தண்ணீர் தளதளவென்று கொதித்தது,
அது வாய் திறக்கவில்லை.

முன் சீட்டில் அண்ணன்.
மேட்டுப்பாளையம் கோர்ட் வாசலில் ஏறியவன்,
இத்தனை வளைவுக்கும் ஒரு வார்த்தை இல்லை.

"இது இல்லாமலே வீடு போய்ச் சேரலாம்," என்றான் பெள்ளி,
"சூடேறத்தான் நேரமாகும், இந்தக் குளிருக்கு."

மஞ்சு இறங்கி
அண்ணன் பக்கத்துக் கண்ணாடி தெரியவில்லை.
இரண்டு டீ சொன்னேன்,
வேறு பாத்திரத்தில்.