கம்பளி நூல் அசையாத இடம்

கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஒரு மீட்டர்.
பதினெட்டுக்குப் பதினொன்று.
புன்ட்டா அரேனசில், வீட்டுக்கு மேற்கே,
எங்களுக்கு இவ்வளவுதான் நிலம்.
முதலில் ஓர் அம்புக்குறி போட்டு வடக்கு என்று எழுதினேன்.

அதிலேயே சிக்கல்.
கடையில் வாங்கிய தோட்டப் புத்தகம்
பூமியின் மேல்பாதிக்காக அச்சிட்டது.
‘தெற்குப் பார்த்த இடம் உத்தமம்’ என்கிறது பக்கத்துக்குப் பக்கம்.
எங்களுக்கு வெயில் வடக்கில் தாழ ஓடுகிறது.
தெற்கை அடித்து வடக்கு,
மே மாதத்தை அடித்து நவம்பர்,
திருத்தித் திருத்தி
முப்பத்தியோராம் பக்கத்தில் பென்சில் தீர்ந்தது.

ஓராண்டு எதையும் நடவில்லை.
மாதத்துக்கு ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்கு,
பக்கத்துப் பட்டறையின் நிழல் முடியும் இடத்தில்
ஒரு முளைக்குச்சி அடித்தேன்.
டிசம்பரில் நிழல் வேலியோரம் சுருண்டு கிடந்தது.
ஜூனில் கொல்லை முழுவதையும் விழுங்கிவிட்டு
எங்கள் சமையலறைப் படியில் வாய் துடைத்தது.

எலிசேயோவும் ஒரு வரைபடம் போட்டான்.
அதில் படகு இருந்தது.
எட்டு வருடமாகத் தார்ப்பாய்க்கடியில்
அவன் கட்டிக்கொண்டே இருக்கும் படகு,
விலா விலாவாக, ஆணி ஆணியாக.
மிச்ச நிலத்துக்கெல்லாம் ஒரே சொல்: புல்.
என் தாளிலோ
படகு நிற்கும் ஆறு கட்டமும் வெள்ளையாக இருந்தது.
பார்த்தான். அதைப் பற்றிக் கேட்கவில்லை.
“காற்றை எந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறாய், மிலென்கா?”

கேள்வி நியாயம்தான்.
இங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கிற நாளுண்டு.
துவைத்த துணியை இரண்டு தெரு தள்ளிப் போய்த் தேடுவோம்.
என் வரைபடத்தில் காற்றுக்கு ஒரு கோடுகூட இல்லை.

நாற்பது குச்சி வெட்டினேன்.
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு முழம் சிவப்புக் கம்பளி நூல்.
இரண்டு மீட்டருக்கு ஒன்றாக ஊன்றினேன்.
“யாருக்குச் சூனியம்?” என்றாள் வேலிக்கு அப்பால் ஓர்ஃபா.
“மேல்காற்றுக்கு.”

ஆகஸ்டில் ஓர் இரவு தார்ப்பாய் கிழிந்து பறந்தது.
விடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு நூல் பார்க்கப் போனேன்.
பலகை வேலிக்குப் பின்னால்
(அங்கேதான் செர்ரி மரம் என்று பச்சை வட்டம் போட்டிருந்தேன்)
நூல்கள் தறிகெட்டுச் சுழன்று முடிச்சாகிக் கிடந்தன.
அடைத்த வேலியைக் கண்டால் காற்று நிற்பதில்லை,
ஏறிக் குதிக்கிறது,
குதித்த இடத்தில் ஆத்திரத்தைக் காட்டுகிறது.
நடுக்கொல்லையில் அத்தனை நூலும் கிழக்கே விறைத்து நின்றன.

படகுக்குப் பின்னால் மட்டும் ஐந்து நூல்கள்
சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

பாதிக்குப் பலகை, பாதிக்கு வெறும் விலா.
இடுக்குகளில் புகுந்த காற்று
சீப்பு வாரிய கூந்தலாய் இழை இழையாகி
மறுபக்கம் தளர்ந்து வந்தது.
முடிந்த படகாக இருந்தால் இது நடந்திருக்காது.
அங்கே பனி உருகி மண் தெரிந்தது.
யாரும் நடாத ஒரு ரூபார்ப்
சிவந்த முட்டியை வெளியே நீட்டியிருந்தது.
குனிந்து தொட்டேன். சில்லென்றிருந்தது, உயிரோடிருந்தது.

அன்றிரவு ஆறு கட்டத்தில் படகை வரைந்தேன்.
பேனாவில் இல்லை, பென்சிலில்.
செர்ரியை அதன் பின்னால் நகர்த்தினேன்.
படகுக்கு ஒன்றரை மீட்டர் விட்டு, வரிசையாக,
கலஃபாத்தே முட்செடி ஒன்பது.
காற்றைத் தாங்கும் உயரத்துக்கு வர
ஏழெட்டு வருடம் பிடிக்கும் என்றார்கள் நாற்றுப்பண்ணையில்.

எலிசேயோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தான்.
“மார்ச்சில் பலகை வேலை முடியும். ஏப்ரலில் தண்ணீரில் இறக்கலாம்.”
“எந்த வருடத்து ஏப்ரல்?”
இப்படிக் கேட்டால் வழக்கமாகச் சண்டை வரும்.
அவன் விரல் அந்த ஒன்பது சின்ன வட்டங்களையும்
ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனது.
பிறகு என் அழிப்பானை எடுத்துத்
தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.