மேல்வீட்டு அரிசி

பெயர் லெங்கா என்றதும்
"இலங்கைக்கெண்டே வெச்ச பேர்" என்றார் மீன்கார ஜௌபர்.
புருஷன் ஒந்த்ரே ஒருவர் வாயிலும் நுழையாமல்
கல்லடி முழுக்க அந்திரேசு ஆனான்.

முதல் மாதம் சீனிப்போத்தலில் எறும்பு.
இப்போது போத்தல் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கிறது.
பாஸ்போட் இரண்டும் பூஞ்சணம் பிடிக்க,
அரிசி வாளியில் புதைத்து வைத்திருக்கிறார்கள்.
நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நேற்றிரவு கரண்ட் போனது; மேலே சண்டை.
மொழி விளங்கவில்லை.
யார் போகச் சொல்வது, யார் பேசாமலிருப்பது
அது விளங்கியது.
பிறகு, வாவிப் பக்கத்து யன்னல் திறந்த சத்தம்.

விடிய, சூன் பாண் பாட்டுக்கு
அவளுடைய செருப்பில், குதிக்கால் வெளியே நிற்க,
அவன் ஓடினான்.

மத்தியானம் லெங்கா கோப்பையோடு இறங்கி வந்தாள்:
"அரிசி முடிஞ்சு."
ஒரு சுண்டு தட்டி அளந்தேன்.
பிறகு, கேட்காமலே,
இன்னுமொரு சுண்டு.