மூன்று வரிசை

ஆய்வகத்திலிருந்து வந்த தாளில்
மூன்று வரிசை எழுத்துகள்.
மேலே, தடுப்பூசிக் கிருமி.
நடுவில் வாலிநோக்கம்: சவுரியம்மாளின் செம்மறி,
வாலடியில் உரித்தெடுத்த பொருக்கு.
கீழே மாரியூர்: முத்துராக்கின் கிடாய், காதுமடல்.

ஊசி போட்ட பிறகுதான் முத்துப் போட்டது
என்கிறது மாரியூர்.
பதினோரு குட்டிகளை உப்பளத்து ஓரம் புதைத்த அன்று
முத்துராக்கு என்னைப் பார்க்கவில்லை,
என் ஐஸ்பெட்டியைப் பார்த்தான்.

மேல் வரிக்கும் கீழ் வரிக்கும்
ஒன்பது இடத்தில் எழுத்து வேறு.
ஊசி இல்லை.
ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தேன்.

பிறகுதான் நடுவரி.
விரலை வைத்து, அடிக்கோலை வைத்து,
இரண்டு தடவை.
கீழ்வரியும் அதுவும் ஓரெழுத்துப் பிசகவில்லை.

இரண்டு ஊர் ஆடும் ஒரு தரவையில் மேய்ந்ததில்லை.
புயல்கூண்டு ஏற்றிய வாரம் அது,
வியாபாரி வண்டி எதுவும் வரவில்லை.
போனது ஒரு ஸ்கூட்டி.
காலையில் வாலிநோக்கத்துப் பட்டியில் பொருக்கு,
மதியம் மாரியூரில் ஊசி.

பூட்ஸைக் கழுவினேனா?
குழாயில் காற்று மட்டும் வந்தது நினைவிருக்கிறது.
மணலில் தேய்த்தது நினைவிருக்கிறது.

ஒரே ஒரு மரபணுவைத்தான் ஒப்பிட்டிருக்கிறார்கள்,
முழுதும் படித்தால் மாறலாம்
என்று மேலிடத்துக்கு எழுதலாம்.
அதுவும் பொய்யில்லை.

போன்.
"ஊசிதானே டாக்டரம்மா?"
"இல்லை."
அவன் பக்கம் கடற்காற்று இரைகிறது,
ஓர் ஆடு செருமுகிறது.
வைக்கவில்லை அவன்.

"அப்ப எதும்மா?"