அறுபது ஆம்பியர்

சமையலறை ஜன்னல்
இரண்டு குளிர்காலமாக முழுசாக மூடவில்லை.
ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று
கீழ்விளிம்பில் நுழைந்து, பனிமேல் படுத்து,
கராஜுக்குப் போகிறது.
இடுக்கில் பழைய துண்டைத் திணித்திருக்கிறேன்.
அப்படியும் வின்னிபெக் ஏரிக் காற்று
சர்க்கரை டப்பா வரைக்கும் வந்துபோகும்.

கராஜில் ஐனார் இருக்கிறான்.
என் கணவன், சட்டப்படி இன்னமும்.
கோபித்துக்கொண்டு அவன் போன தூரம்
தொண்ணூறு அடி.
ஒயர் அவ்வளவுதான் எட்டும் என்பாள்
கிம்லிக்கு மறுபக்கம் இருக்கும் என் தங்கை.

என் கெட்டிலும் அவன் ஹீட்டரும்
ஒரே சமயத்தில் ஓடினால்
பிரேக்கர் விழும்.
பூட்ஸைப் போட்டுக்கொண்டு பனியை மிதித்து வந்து
கண்ணாடியில் தட்டுவான்.
"போயிடுச்சு."
பேஸ்மென்ட்டுக்கு இறங்கித் தூக்கிவிட்டு வருவேன்.
"வந்துடுச்சா?"
"வந்துடுச்சு."
இரண்டு வருஷத்தில்
நாங்கள் பேசிக்கொண்டது
அநேகமாக இதுதான்.

செப்டம்பரில் எலக்ட்ரீஷியன் ஃப்ரீசன் வந்தார்.
பிளக்கைப் பிடுங்கி மோந்து பார்த்தார்.
பழுப்பேறியிருந்தது.
"இன்னும் எரியாமல் இருப்பது உங்கள் நல்ல காலம்.
இரண்டடி ஆழம், குழாய், நாலு ஒயர்,
கராஜுக்கென்று ஒரு பெட்டி.
மண் உறைவதற்குள் தோண்டிவிடுங்கள்."

கேஸ்காரர்கள் வந்து மஞ்சள் கொடி நட்டார்கள்.
நான் வீட்டிலிருந்து, அவன் கராஜிலிருந்து.
பதினொரு நாள்.
ஸ்ப்ரூஸ் வேர் குறுக்கிட்ட இடத்தில்
மண்வெட்டியை நிறுத்தி நிமிர்ந்தால்
எதிரே அவன் தொப்பி.
கோடரியை நீட்டினான்.
அளந்து பார்த்தோம்.
அவன் பக்கம் மூன்று அங்குலம் கூடுதல் ஆழம்.
எதிலும் அவனுக்குப் போதும் என்பது தெரியாது.
என் பக்கம் ஓரங்குலம் குறைவு.
அதைப்பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஃப்ரீசன் கராஜுப் பெட்டியைத் திறந்து
பச்சைத் திருகாணி ஒன்றைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தார்.
"இங்கே நியூட்ரலும் எர்த்தும் தொடக்கூடாது.
இரண்டும் சேருகிற இடம் ஒன்றே ஒன்று,
உங்கள் வீட்டுப் பெட்டிக்குள்.
அப்புறம், தனிக் கட்டடம் என்றால்
தனி எர்த்."
பத்தடிக் கம்பிகள் இரண்டு.
ஐனார் ஏணிமேல் நின்று அறைந்தான்.
இரண்டாவது ஏழடியில் கல்லில் முட்டியது.
பிடுங்கித் தள்ளி நட்டார்கள்.
திருகாணி என் கோட்டுப் பையிலேயே கிடந்தது.
எறியவும் தோன்றவில்லை.

இரவெல்லாம் கணக்குப் போட்டேன்.
பள்ளத்தை மூடிவிட்டால்
இது தற்காலிகம் இல்லை.
ஜன்னலில் தொங்கும் ஒயரை
எந்தக் காலையிலும் உருவிவிடலாம்.
புதைத்ததை யார் உருவுவார்கள்?
எந்த வக்கீலும் போடாத கையெழுத்தை
நானே காசு கொடுத்துப் போடுகிறேன்,
மூவாயிரத்து எண்ணூறு டாலர்,
வரி தனி.

இன்ஸ்பெக்டர் வந்தாள். இளம் பெண்.
ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்துவிட்டுப்
படிவத்தைப் புரட்டினாள்.
"கட்டடத்தின் உபயோகம்?"
மேசைக்கடியில் மடக்குக் கட்டில்.
ஸ்பானர் டப்பாவில் பல்துலக்கும் பிரஷ்.
"பட்டறை" என்றான் அவன்.
"பட்டறை" என்றேன் நான்.
இரண்டும் ஒரே மூச்சில்.
பிரஷைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
எழுதிக்கொண்டாள்.
ஒரே விஷயத்தை இருவரும் சொல்லி
எவ்வளவு காலமாயிற்று,
அதுவும் பொய்.

அன்று இரவு ஒயரை உருவினேன்.
ஜன்னல் இறங்க மறுத்தது.
சுத்தியலால் இரண்டு தட்டு.
ஏரிக் காற்று நின்றது.
வீடு இவ்வளவு நிசப்தமாக இருக்கும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

கெட்டிலைப் போட்டேன்.
டோஸ்டரையும் போட்டேன், ரொட்டி இல்லாமலே.
எதிரே அவன் விளக்கு
அசையாமல் எரிந்தது.
தண்ணீர் கொதித்து முடிந்தது.

பனியில் பூட்ஸ் சத்தம்.
கண்ணாடியில் தட்டல்.
மூடிய ஜன்னலைத் திறக்க முடியாமல்
கதவைத் திறந்தேன்.

"என்ன?"

"போகல" என்றான்.
"அதைச் சொல்லத்தான் வந்தேன்."